இணைத்தலும் சோதித்தலும்
(நகர இருப்புப்பாதை பற்றி மாணவர்க்கு ஒரு பாடம்)

ஒரு நகரத்திற் புதிதாக இருப்புப்பாதை அமைக்கப்படும்போது மக்கள் கண்ணுக்கு முதலிற் புலப்படுவன தூண்களும் பாலங்களும் சுரங்க வாயில்களுமேயாம். தூண் எழுந்து, பாலம் பொருந்தி, தண்டவாளமும் இடப்பட்டு, பளபளக்கும் வண்டியும் வந்து நின்றுவிட்டால், “இனி என்ன தாமதம்?” என்று கேளாதார் இல்லை. சென்னையிலும் அவ்வாறே கேட்டார்கள். அங்கு 2013ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், கோயம்பேட்டுப் பணிமனையில் 800 மீற்றர் நீளமான சோதனைப் பாதையில் மெட்ரோ வண்டி முதன்முதலாக ஓடிக் காட்டிற்று. பொதுமக்கள் சீட்டு வாங்கி ஏறியதோ 2015ஆம் ஆண்டு யூன் 29ஆம் நாளில். இடையே ஏறத்தாழ இருபது மாதங்கள். அம்மாதங்களிற் கட்டட வேலைகளும் நடந்தன என்பது உண்மை. ஆயினும் கட்டடம் முடிவதனால் மட்டும் பாதை திறவாது. பிறகு எதனால் திறக்கின்றது என்பதே இப்பாடத்தின் பொருள்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பிரிவிலுள்ள நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இப்பொருளைக் கற்கக் கற்க, நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் ஓர் இலக்கணப் பகுதியே இரும்பிலும் செம்பிலும் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். அது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முன்னதாகப் பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் ‘புகையிரதம்’ என்று வழங்குகின்றோம். நீராவி வண்டிக்கு அது மிகப் பொருந்திய பெயர். டீசல் வண்டிக்கும் ஒருவாறு பொருந்தும். மின்சாரத்தால் ஓடும் வண்டிக்குப் புகை ஏது? சிங்கப்பூரார் ‘பெருவிரைவு ரயில்’ என்கின்றனர்; சென்னையார் ‘மெட்ரோ இரயில்’ என்று பாதியைத் தமிழாக்கி மீதியை விட்டுவிட்டனர். யான் இக்கட்டுரையில் ‘நகர இருப்புப்பாதை’ என்றே எழுதுகின்றேன். இதனினும் நல்ல சொல் தோன்றுவோர் எழுதி உதவுக.

இனிப் பொருளுக்கு வருவோம். நகர இருப்புப்பாதை ஒன்றிற் பல தொகுதிகள் அடங்கியுள்ளன. மின்சாரத்தைப் பெற்று இறக்கி மேற்கம்பிக்கு வழங்கும் மின்தொகுதி ஒன்று, வண்டி ஒன்று, வண்டிக்கும் வண்டிக்கும் இடையே இடைவெளியைக் காக்கும் சமிக்ஞைத் தொகுதி ஒன்று, தொலைபேசி, வானொலி, அறிவிப்புக் கருவிகள் என்பன கூடிய தொலைத்தொடர்புத் தொகுதி ஒன்று, நிலக்கீழ் நிலையங்களில் மேடை விளிம்பில் நிற்கும் கண்ணாடிக் கதவுகள், சுரங்கத்துக்குக் காற்றூட்டும் பெருவிசிறிகள், சீட்டைப் பார்த்துத் திறக்கும் வாயில்கள், இவை யாவற்றையும் ஓரிடத்திலிருந்து நோக்கும் கட்டுப்பாட்டு நிலையம். இவற்றை ஒரே கை செய்வதில்லை. வெவ்வேறு கம்பனிகள், வெவ்வேறு ஒப்பந்தங்களின் கீழ், வெவ்வேறு நாடுகளிலிருந்து செய்து அனுப்புகின்றன. சென்னையின் முதற் கட்டத்துக்கு வாங்கிய 42 வண்டித் தொடர்களில் முதல் ஒன்பது பிரேசில் நாட்டிற் செய்யப்பட்டவை. எஞ்சியவை சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையிலுள்ள சிறீசிட்டியில் உருவானவை. ஒன்றையொன்று முன்பின் கண்டறியாத இத்தனை பொருள்களும் ஒருநாள் ஒரே பாதையிற் சந்திக்கின்றன.

வடிவமைப்பவன் எங்கிருந்து தொடங்குகின்றான்? தண்டவாளத்திலிருந்து என்று நீர் நினைத்தல் கூடும். அன்று, மனிதத் தலைகளை எண்ணுவதிலிருந்து தொடங்குகின்றான். சென்னையின் நான்கு பெட்டித் தொடர் ஒன்றில் ஏறத்தாழ 1,270 பேர் ஏறலாம். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால் ஒரு மணி நேரத்தில் 24 வண்டிகள்; ஆகவே ஒரு திசையில் ஏறக்குறைய 30,500 பேர் செல்லலாம். இக்கணக்கு எளிது. ஆனால் இரண்டரை நிமிடம் என்று எழுதியவுடனே பிற தொகுதிகள் யாவும் அசையத் தொடங்குகின்றன. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, விநாடிக்கு விநாடி ஒரு மீற்றர் வீதம் வேகங் குறைத்து நிற்பதற்கு ஏறத்தாழ 247 மீற்றர் வேண்டும். அந்தத் தூரத்தையும், தடுப்பான் பற்றுமுன் கழியும் நேரத்தையும், இன்னுஞ் சிறிது காப்புத் தூரத்தையும் சமிக்ஞைத் தொகுதி எப்போதும் வெறுமையாக வைத்திருத்தல் வேண்டும். வண்டிகள் நெருங்கினால் ஒரே மின்பகுதியிற் பல வண்டிகள் சேர்ந்து மின்சாரம் உறிஞ்சும். மின்மாற்றி பெரிதாக வேண்டும். மின்சாரம் மிகுந்தால் வெப்பம் மிகும். சுரங்க விசிறி பெரிதாக வேண்டும். விசிறி பெரிதானால் நிலையக் கட்டடத்தில் அதற்கு இடம் வேண்டும். அக்கட்டடமோ முன்னரே கொங்கிறீற்று ஊற்றப்பட்டு நிற்கின்றது! எனவே விசிறிக்காரனும் சமிக்ஞைக்காரனும் கட்டடக்காரனும் முதல்நாளிலேயே ஒரு மேசையைச் சுற்றி அமர்தல் வேண்டும். அமராத நகரங்கள் பின்னர்ச் சுவரை இடித்தன.

இங்கு ஓர் அடிப்படை விதியைக் கூறவேண்டும். இருப்புப்பாதைக் கருவி பழுதாகும். அதனைத் தடுக்க ஒருவராலும் இயலாது. பழுதாகும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்பதே வினா. 1876ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் இங்கிலாந்தில் அபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்திற் பனி பெய்து கைகாட்டிகளில் உறைந்தது. ‘அபாயம்’ காட்டுமாறு நெம்புகோலை இழுத்தும், பனியின் பாரத்தாற் கைகள் ‘செல்க’ என்ற நிலையிலேயே நின்றன, வண்டிகள் மோதின, பலர் மாண்டனர். அதன்பின் கைகாட்டியின் இயல்பான நிலை ‘நில்’ என்பதாயிற்று. செல்வதற்கே முயற்சி வேண்டும் என்று விதி செய்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1872இல், அமெரிக்கராகிய வில்லியம் றொபின்சன் மூடிய தண்டவாளச் சுற்று ஒன்றை அமைத்திருந்தார். தண்டவாளத்தின் வழியே மெல்லிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒரு முனையிலுள்ள கருவியை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை சமிக்ஞை பச்சை. வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே கடத்திவிடும், கருவி விழும், சமிக்ஞை சிவக்கும். தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் கருவி விழும், அப்போதும் சிவப்பே. மௌனம் அபாயத்தைக் குறிக்கும். இவ்விதியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மலைநாட்டுக்குப் புகையிரதத்திற் சென்றோர் நிலைய அதிபர் வண்டியோட்டியிடம் ஒரு பெரிய வளையத்தைக் கொடுப்பதைக் கண்டிருப்பர். அவ்வளையத்தின் பையில் இருக்கும் வட்டத் தகடே ஒற்றைப் பாதையிற் செல்லும் அனுமதி. இரு நிலையங்களிலுமுள்ள பெட்டிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை மற்றொரு தகட்டை எந்தப் பெட்டியும் விடாது. ‘நான் கொடுக்கவில்லை’ என்று ஒருவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று மற்றவரும் சொல்ல வழியில்லை. இரண்டு கருவிகள் ஒன்றாகி ஒரு பொறுப்பைச் சுமத்தலே தொகுதி இணைப்பு. இன்றைய கணினிகள் செய்வதும் அளவிற் பெரிதான அதே வேலைதான்.

இனி யான் முன்னர்ச் சொன்ன இலக்கணம். அது புணர்ச்சி. நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே குற்றமற்றவை. அவை கூடுமிடத்திலேயே மாறுதல் நேர்கின்றது. சில மாறாமற் கூடும்: பொன், மலை என்பன பொன்மலை ஆகும். சில இடங்களில் ஒன்று தோன்றும்: வாழைப்பழம். சிலவற்றில் ஒன்று திரியும்: பொற்குடம். சிலவற்றில் ஒன்று கெடும்: மரவேர். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் இம்மூன்றையும் நன்னூல் படித்த எம்மாணவனும் அறிவான். பொறியியலாளரின் குறிப்புகளைப் பார்த்தால், தொகுதிகள் கூடுமிடத்தில் நேரும் பிழைகளும் பெரும்பாலும் இம்மூன்றில் அடங்குகின்றன. மொழியில் அவை அழகு. பாதையில் அவை ஆபத்து.

தோன்றலுக்குச் சான்று சிங்கப்பூர். அங்கு வட்டப் பாதையில் 2016ஆம் ஆண்டு ஓகத்து மாத இறுதியில் வண்டிகள் காரணமின்றித் திடீர் திடீரென நின்றன. நவம்பரில் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. வண்டிக்கும் பாதையோரக் கருவிக்கும் இடையிலுள்ள வானொலித் தொடர்பு அறுந்ததும், விதிப்படி அவசரத் தடுப்பான் பற்றிற்று. அதாவது காப்பு முறை தன் கடமையைச் செய்தது. ஆயினும் தொடர்பை அறுப்பது எது? நின்ற வண்டிகளைச் சோதித்தனர், பழுது காணப்படவில்லை. இறுதியில் அரசின் தரவாய்வாளர் சிலர் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நேரம் ஒரு பக்கமும் நிலையம் ஒரு பக்கமுமாக வரைபடத்திற் புள்ளியிட்டுப் பார்த்தனர். புள்ளிகள் சாய்கோடாக வரிசைப்பட்டன. சாய்கோடு என்றால் குற்றவாளி ஓரிடத்தில் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருக்கின்றான் என்பது பொருள். எதிர்த்திசையிற் சென்ற ஒரு வண்டியே அது! அதன் சமிக்ஞைக் கருவி பழுதாகித் தவறான அலைகளை வீசிற்று. தானோ நில்லாமல் ஓடிற்று. தன்னைக் கடந்தவற்றை நிறுத்திற்று. வகுப்பில் இத்தகைய மாணவர் சிலரை யானும் அறிவேன். பாதிக்கப்பட்டவனை மட்டும் சோதித்தால் நோய் அகப்படாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கெடுதலுக்கும் அந்நகரமே சான்று தருகின்றது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் காலையில் யூ கூன் நிலையத்தில் ஒரு வண்டி, முன்னே நின்ற வண்டியை மெல்லச் சென்று இடித்தது. 38 பேர் காயமுற்றனர். கிழக்கு மேற்குப் பாதையிற் பழைய சமிக்ஞை முறையை நீக்கிப் புதியதைப் புகுத்திக்கொண்டிருந்த காலம் அது. முன்வண்டியைச் சுற்றிப் புதிய முறை அமைத்திருந்த காப்பெல்லை, பாதையோரத்திற் பழுதுற்ற சுற்று ஒன்றைக் கடந்தபோது தற்செயலாக நீங்கிவிட்டது. ஆறு பெட்டி கொண்ட தொடரை மூன்று பெட்டி என்று பின்வண்டி உணர்ந்தது. இல்லாத இடத்தை இருப்பதாக எண்ணி முன்னேறிற்று. பழையதும் புதியதும் புணருமிடத்தில் மூன்று பெட்டிகள் ‘கெட்டன’.

திரிதலை இலண்டனிற் காணலாம். எலிசபெத் பாதை என்று இன்று வழங்கும் நெடும்பாதைக்கு 42 கிலோமீற்றர்ச் சுரங்கம் தோண்டும் வேலை 2015இலேயே முடிந்துவிட்டது. 2018 திசம்பரில் திறப்பதாக நாட்குறித்தனர். உண்மையிற் திறந்தது 2022 மே 24இல். சுரங்கம் தோண்டியபின் ஏழு ஆண்டுகள்! ஏன்? அப்பாதையின் வண்டி மூன்று வகைச் சமிக்ஞை மொழிகளை அறிந்திருத்தல் வேண்டும். கிழக்கே பிரித்தானியரின் பழைய முறை. நடுச் சுரங்கத்தில் வானொலி வழி இயங்கும் முறை. மேற்கே ஹீத்ரோ விமான நிலையம் நோக்கி ஐரோப்பியப் பொதுமுறை. ஓடிக்கொண்டே ஒரு மொழியை விட்டு மற்றொன்றைப் பற்றவேண்டும். ஒரு முறையில் ஒரு பொருள் தரும் குறி மறுமுறையில் வேறு பொருள் தரலாகாது. மூன்று மொழிக்கிடையே வாழும் கொழும்பு வாசிகளாகிய நமக்கு இத்தொல்லை புதிதன்று. அதனோடு, 2017 நவம்பரில் ஒரு துணைமின் நிலையத்தில் முதன்முதல் மின்சாரம் பாய்ச்சியபோது மின்மாற்றி வெடித்தது; மின்சாரமின்றி வண்டிச் சோதனை இல்லை; சோதனையின்றி மென்பொருள் திருந்தாது. ஒன்றன் தாமதம் மற்றெல்லாவற்றின் தாமதமாயிற்று. கட்டடம் பிந்தியபோதும் திறப்பு நாளை மாற்ற மனமின்றிச் சோதனைக்கென ஒதுக்கிய மாதங்களைச் சுருக்கிச் சுருக்கி வந்ததும் அங்கு நேர்ந்த பெருங்குறை. பரீட்சைக்கு முந்திய வாரத்திற் பாடத்திட்டத்தை முடிக்க முயலும் ஆசிரியர்க்கு இது நன்கு விளங்கும்.

சிறியதோர் இணைப்பை எடுத்து நுணுகிப் பார்ப்போம். மேடைக் கதவும் வண்டிக் கதவும் ஒருங்கே திறக்கவேண்டும். வண்டி உரிய இடத்தில், அரை மீற்றருக்குட்பட்ட பிழையோடு நிற்றல் முதல் நிபந்தனை. நின்றதை வண்டி உறுதி செய்து சமிக்ஞைத் தொகுதிக்குச் சொல்லும். அது மேடைக் கதவுக்குக் கட்டளையிடும். மூடும்போது ‘யாவும் மூடிப் பூட்டப்பட்டன’ என்று கதவு சொன்னாலன்றி வண்டி நகராது. இங்கே வண்டிக்காரர் ‘ஒன்று’ என்னும் குறியை ‘மூடியது’ என்று வைத்துக்கொண்டார். கதவுக்காரர் ‘திறந்தது’ என்று வைத்துக்கொண்டார் எனக் கொள்க. இருவர் கருவியும் தத்தம் தொழிற்சாலையிற் பழுதின்றித் தேறிவிடும். இணைத்த நாளிலோ கதவு திறந்திருக்கையில் வண்டி புறப்படும். இதனைத் தவிர்க்கவே ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் ஆவணம் எழுதுகின்றனர்: எந்தக் கம்பி, எந்தக் குறி, எத்தனை விநாடிக்குள், கம்பி அறுந்தால் என்ன பொருள், யார் பொறுப்பு என்பன அதில் இருக்கும். இருவரும் கையொப்பமிடல் வேண்டும். சொல்லில் ஐயம் இருந்தாற் கருவியிலும் ஐயம் இருக்கும். எனவே நல்ல வசனம் எழுதத் தெரிந்தவனுக்கும் அத்தொழிலில் இடமுண்டு. எழுதத் தெரியாத பொறியியலாளன் அங்கு அரைப் பொறியியலாளனே.

இதுகாறும் கூறியவற்றில் உயிரிழப்புக் குறைவு. ஒருமுறை அது குறைவாக இல்லை. தென்கொரியாவில் தேகு நகரத்தில், 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள், ஒருவன் நிலக்கீழ் வண்டியினுள் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தான். அவ்வண்டி நிலையத்தில் நின்றது. சில நிமிடங்களில் எதிர்ப்பக்கத்து மேடைக்கு மற்றொரு வண்டி வந்து சேர்ந்தது. அதனை முன்னரே நிறுத்தியிருக்கவேண்டியவர் நிறுத்தவில்லை. தீயை உணர்ந்த கருவி விதிப்படி மின்சாரத்தை நிறுத்திற்று. மின்சாரம் இன்மையால் இரண்டாம் வண்டி வெளியேற முடியவில்லை. பயணிகள் இருக்கையிலேயே இருக்குமாறு அறிவிக்கப்பட்டனர். பின்னர் வண்டியோட்டி தலைச் சாவியை எடுத்துக்கொண்டு தப்பினார். சாவி நீங்கியதும் கதவுகள் மூடிக்கொண்டன. 192 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் தீ தொடங்கிய வண்டியில் அன்றி இரண்டாம் வண்டியில் இருந்தவர்கள். மாணவர்காள், இதனை இருமுறை வாசியுங்கள். மின்வெட்டுக் கருவி தன் கடமையைச் செய்தது. கதவு தனக்கு விதித்தபடி மூடிற்று. தனித்தனியே பார்த்தால் அவற்றின் மேற் பழுதில்லை. தீயறி கருவி, மின்சாரம், சமிக்ஞை, கதவு, ஒலிபெருக்கி, மனிதர் ஆகிய இவை யாவும் ஒருசேர இயங்கும்போது என்ன நேரும் என்பதை முன்கூட்டி நினைத்துப் பார்த்து, நடத்திப் பார்த்துத் திருத்துவதே இணைச் சோதனை.

ஆகவே நிலக்கீழ்ப் பாதையிற் செய்யும் பெருஞ்சோதனை தீச் சோதனையாகும். வெப்பப் புகையை உண்டாக்கி, வண்டி எங்கே நிற்கின்றது என்பதைச் சமிக்ஞைத் தொகுதி விசிறித் தொகுதிக்குச் சொல்கின்றதா, பயணிகள் நடக்கும் திசைக்கு எதிராகப் புகை தள்ளப்படுகின்றதா, பின்வரும் வண்டி முந்திய நிலையத்திலேயே நிற்கின்றதா, விளக்கு எரிகின்றதா, வாயிற் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றனவா என்று பார்க்கின்றனர். அறிவிப்பும் அச்சோதனையின் ஒரு பகுதி. சுரங்க நிலையத்திற் சுவரெல்லாம் கடினம், ஒலி மோதி மோதித் திரும்பும், விசிறி இரையும். அங்கு ஒலிக்கும் வாக்கியத்திற் சொல் சொல்லாகக் காதில் விழுகின்றதா என்பதை அளக்கக் கருவிகள் உள. ஆனால் நீண்ட பெயரெச்சங்களை அடுக்கி, வினைமுற்றைக் கடைசியில் வைத்து, அலுவலக நடையில் எழுதிய தமிழ் அறிவிப்பை எந்தக் கருவியாலும் திருத்த இயலாது. ‘இறங்குங்கள்’ என்ற சொல் வாக்கியத்தின் இருபதாவது சொல்லாக வருமாயின், அதற்குள் புகை வந்துவிடும். நம் நாட்டிற் பொது இடத் தமிழ் பெரும்பாலும் பிறிதொரு மொழியில் எழுதி முடித்தபின் கடைசி நாளிற் பெயர்க்கப்படுவது. எழுத்துப் பிழைகளோடு பலகையில் ஏறுவது. பலகையில் அது வெட்கக்கேடு மட்டுமே. சுரங்கத்தில் அது உயிர்க்கேடு. மொழியும் ஒரு தொகுதி என்று கொண்டு, முதல்நாளிலேயே அதனை வடிவமைப்பு மேசைக்கு அழைத்தல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சோதனைகள் படிப்படியாக ஏறும். முதலில் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியும் தனியே, பின் பாதையிற் பொருத்திய இடத்தில், பின் இரண்டிரண்டாக, பின் யாவும் சேர்ந்து, ஈற்றிற் பயணிகள் இல்லாத வெறும் வண்டிகள், உண்மையான நேர அட்டவணைப்படி, நாட்கணக்கில். இடையிடையே வேண்டுமென்றே பழுது செய்வர்: ஒரு மின்னிலையத்தை நிறுத்துவர், ஒரு கம்பியைக் கழற்றுவர், பழுதான வண்டியை மற்றொன்றால் தள்ளுவர். மென்பொருளில் ஓர் எழுத்து மாறினாலும், தேறிய சோதனைகளுள் எவை மீண்டும் வேண்டும் என்று முதலிலிருந்து ஆராய்வர்.

இவ்விடத்தில் நம் புதுக்கடையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுக்கடை நீதிமன்றங்களிற் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படும்வரை எதிரி நிரபராதி. பாதுகாப்புப் பொறியியலாளரின் மன்றத்திலோ சட்டம் தலைகீழானது: பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொரு தொகுதியும் குற்றவாளி. நிரூபிக்கும் பாரம் செய்தவனையே சாரும். ‘இதுவரை விபத்து நேரவில்லையே’ என்பது அங்கே சாட்சியம் ஆகாது. ஒவ்வோர் ஆபத்தையும் பதிவேட்டில் எழுதி, அதற்கு என்ன காப்பு, எந்தச் சோதனை எந்த நாளில் அதனைக் காட்டிற்று என்று ஆவணம் அடுக்கி, தயாரித்தவரைச் சாராத ஒருவர் முன் வைத்து வாதாடவேண்டும். நம் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலர். அவர்கள் இவ்வேலையில் திறமையாக விளங்கியிருப்பர் என்று எண்ணுவதுண்டு.

இந்தியாவில் அத்தகைய நடுவர் உளர். வண்டி எவ்வேகத்திற் செல்லலாம் என்பதை இலக்னௌவிலுள்ள இருப்புப்பாதை ஆராய்ச்சி நிறுவனத்தார், கருவிகள் பொருத்தி அதிர்வு அளந்து, சான்று தருவர். பின்னர் மெட்ரோ பாதுகாப்பு ஆணையர் பாதை முழுவதையும் நேரிற் பார்த்து இசைவு தந்தாலன்றிப் பயணிகளை ஏற்ற முடியாது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு கூறுகின்றது. சென்னையில் முதலில் திறந்தது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, ஏழு நிலையங்கள், ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அது முழுவதும் மேம்பாலம். சுரங்கத்தின் சிக்கல்கள் அதில் இல்லை. எளிதானதை முதலில் திறந்து, ஊழியரும் பயணிகளும் பழகியபின் கடினமானதற்குச் செல்லுதல் நல்ல ஆசிரியன் முறையும் ஆகும். திறப்பு நாளில் முதல் வண்டியைச் செலுத்தியவர் ஒரு பெண். திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரையிலான முதற் சுரங்கப் பகுதி 2017 மே 14இல் திறந்தது. 2019 பெப்ரவரி 10இல் முதற் கட்டத்தின் 45 கிலோமீற்றரும் நிறைவெய்தின. அடுத்த கட்டத்தில் வண்டியோட்டி இல்லாத வண்டிகள். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தனர். வண்டியோட்டியின் கண்ணும் காதும் செய்துவந்தவற்றையெல்லாம் தொகுதிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருத்தலின், அங்கு இணைப்புகளின் தொகை இன்னும் பெருகும்.

கொழும்புக்கு வருவோம். 1864 திசம்பர் 27இல் இந்நகரிலிருந்து அம்பேபுசை வரை முதற் புகையிரதம் ஓடிற்று. 1899 முதல் பொறளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. 1944இல் மாநகர சபை அவற்றை ஏற்றது. 1960இல் அவை நின்றன. 1953இல் வந்த மின்கம்பிப் பேருந்துகளும் 1964இல் மறைந்தன. சென்னையில் மெட்ரோவைப் பற்றி எவரும் நினைக்குமுன்னரே நம் தெருக்களில் மின்வண்டி ஓடி ஓய்ந்துவிட்டது என்பதை இளைஞர் பலர் அறியார். பின்னர் யப்பானியக் கடனுதவியோடு, கோட்டையிலிருந்து பொறளை, இராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை 15.7 கிலோமீற்றர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இலகு இருப்புப்பாதை ஒன்று வரையப்பட்டது. 2019 மார்ச்சில் ஏறத்தாழ 3,000 கோடி யென் கடனுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2020 செப்தெம்பரில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. செலவு மிகுதி என்றனர். அவ்வாதத்தின் சரிபிழையை அரசியலார் பேசட்டும். எனக்கு வருத்தம் தந்தது வேறு. அத்தகைய பாதை ஒன்று எழுந்திருப்பின், வரைபடம் முதற் கடைசிச் சோதனைவரை அதனோடு நின்று, தொகுதிகளைப் புணர்க்கும் வித்தையைக் கற்ற ஒரு தலைமுறை இந்நாட்டில் உருவாகியிருக்கும். அவ்வித்தையைப் புத்தகத்தில் மட்டும் கற்க இயலாது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் சென்று கற்றோர் பெரும்பாலும் திரும்பி வருவதுமில்லை. இதற்கிடையில் வெள்ளவத்தையிலிருந்து வரும் நம் மாணவர் காலையில் கடற்கரைப் பாதை வண்டியின் மிதிபலகையில் ஒரு காலூன்றி, புத்தகப் பையை நெஞ்சிலணைத்துத் தொங்கியபடியே பயணஞ் செய்கின்றனர்.

மாணவர்க்குப் பயிற்சியாகச் சில வினாக்கள் தருகின்றேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, மேலே சொன்ன வீதத்திற் தடுக்கப்பட்டால் எத்தனை மீற்றரில் நிற்கும்? வேகம் காற்பங்கு குறைந்தபோது தூரமும் காற்பங்கே குறைந்ததா? கடற்கரைப் பாதையை மின்மயமாக்குவதாகக் கொள்வோம்: கடலுப்புப் படியும் மின்காப்புக் கிண்ணங்களைக் கழுவுவது யார் பொறுப்பு, அதற்காக மின்சாரத்தை நிறுத்துமுன் அவர் யார் யாருக்கு அறிவித்தல் வேண்டும்? வெள்ளவத்தையிற் கடலை நோக்கிச் செல்லும் தெருவொன்றின் கடவைக் கதவு மூடாதிருந்தால் சமிக்ஞை எந்நிறம் காட்டவேண்டும். கதவுக்குச் செல்லும் கம்பி அறுந்திருந்தால் எந்நிறம்? இறுதியாக ஒன்று, இது கலைப்பிரிவினர்க்கும் உரியது. சுரங்கத்தில் தீப்பற்றினால் ஒலிக்கவேண்டிய அறிவிப்பைப் பன்னிரண்டு சொற்களுக்கு மேற்படாமல் தமிழில் எழுதுக; கொட்டாஞ்சேனையில் ஏறிய பாட்டி ஒருவர் கேட்ட மாத்திரத்தில் விளங்கிக்கொள்ளவேண்டும். எழுதியதைக் கல்லூரி மண்டபத்தில் எல்லா விசிறிகளையும் சுழலவிட்டு, ஒரு கோடியில் நின்று வாசிக்க. மறுகோடியில் நிற்கும் தோழன் காதில் விழுந்ததை எழுதட்டும். இரு தாள்களையும் ஒன்றாக இணைத்து என்னிடம் தருக.